ப்ளூஸ் மேடை ஏறப்போகும் பிள்ளைகளுக்கு

ஆர்கன்சாஸ் மாநிலத்து ஹெலினாவில் 1986 முதல் கிங் பிஸ்கட் ப்ளூஸ் விழா நடக்கிறது. அக்டோபர் மாதத்தில் வரும். மிசிசிப்பி ஆறு ஊருக்குள் புகாமலிருக்க எழுப்பிய மண்கரைதான் அங்கே காலரி. புல்லில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் கீழே பெரிய மேடை தெரியும். அதில் பெயர் பெற்றவர்கள் வாசிப்பார்கள். செர்ரி தெருவில் நெடுக நடந்தாலோ சின்ன மேடைகள், கடை வாசல்கள், ஒரு ஸ்டூலும் ஓர் ஆம்ப்ளிஃபயருமாக உட்கார்ந்து வாசிப்பவர்கள் என்று கொஞ்ச தூரத்துக்கு ஒரு பாட்டு காதில் விழும். அக்கரையில், மிசிசிப்பி மாநிலத்துக் கிளார்க்ஸ்டேலில், ஏப்ரலில் வரும் ஜூக் ஜாயின்ட் விழாவும் ஏறக்குறைய இப்படித்தான். நீ ஏறப்போவது இந்தச் சின்ன மேடைகளில்.

நான் மெம்பிஸில் குடியேறி அங்கேயே தலை நரைத்தவன். பாஸ் கிதார்க்காரன், அதாவது புகைப்படத்தில் பாதி உடம்பு வெட்டுப்படுகிறவன். முன்னால் நிற்பவர் செய்யும் நல்லதும் கெட்டதும் பின்னால் நிற்பவனுக்குத்தான் முழுசாகத் தெரியும். நம் பிள்ளைகள் சிலர் இப்போது இந்த இசையை ஆசையாகக் கற்கிறார்கள். கையில் வேகம் நிறைய இருக்கிறது. காது கொஞ்சம் பின்தங்கியிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. நாலு பாரில் இரண்டு பார் உனக்குச் சொந்தமில்லை.

பன்னிரண்டு பார் ப்ளூஸின் கட்டுமானத்தை நீ மனப்பாடமாக வைத்திருப்பாய். மூன்று வரி. முதல் வரியைப் பாடுகிறோம், அதையே இன்னொரு முறை பாடுகிறோம், மூன்றாவது வரியில் விஷயத்தை முடிக்கிறோம். வரிக்கு நாலு பார். ஆனால் எண்ணிப் பார், குரல் ஏறக்குறைய இரண்டு பாரிலேயே முடிந்துவிடும். மிச்சம் இரண்டு பார் எதற்கு? பதிலுக்கு. கிதாரோ மவுத்ஆர்கனோ பியானோவோ அந்த வரிக்கு என்ன சொல்கிறது என்று கேட்பதற்கு. வில்லுப்பாட்டில் தலைவர் ஒரு வரி சொன்னதும் பக்கப்பாட்டுக்காரர் "ஆமா" போட இடம் விடுவார் அல்லவா, அந்த இடம்தான் இது. அந்த "ஆமா" விழாவிட்டால் கதை நகராது.

புதிதாக வருகிற கிதார்க்காரர்கள் பாடகர் பாடும்போதும் வாசிக்கிறார்கள், பாடி முடித்த பிறகும் வாசிக்கிறார்கள். அப்புறம் பதில் என்று எதைக் கேட்பது? பி.பி. கிங்கைப் பார். பாடும்போது அவர் கிதாரைத் தொடவே மாட்டார். வரி முடிந்ததும்தான் லூசில் என்ற அந்தக் கிதார் வாயைத் திறக்கும். லூசில் என்ற பெயரும் ஆர்கன்சாஸில் பிறந்ததுதான். 1949 குளிர்காலத்தில் ட்விஸ்ட் என்ற சிற்றூரின் நடனக் கூடத்தில் இரண்டு பேர் அடித்துக்கொண்டதில், குளிர் காய எரித்துக்கொண்டிருந்த மண்ணெண்ணெய் கவிழ்ந்து தீப்பிடித்தது. வெளியே ஓடிவந்த கிங், உள்ளே விட்டுவந்த கிதாருக்காக மறுபடி தீக்குள் ஓடினார். சண்டை லூசில் என்ற பெண்ணை வைத்து என்று பிறகு தெரிந்தது. இனி இப்படி ஒரு மடத்தனம் செய்யக்கூடாது என்று தனக்கே நினைவூட்டிக்கொள்ள அந்தப் பெயரைத் தன் கிதாருக்கு வைத்தார். எல்லோரும் இந்தக் கதையை விரும்பிச் சொல்கிறார்கள். அந்தக் கிதார் எப்போது சும்மா இருந்தது என்பதைக் கவனிப்பவர்கள் குறைவு.

2. பாட்டுக்கு முன் சொல்லப்படும் நாலு சொல்லைப் புரிந்துகொள்.

உள்ளூர் விழாவில் ஒத்திகை கிடையாது. முன்பின் பார்க்காத ஒருவருக்குப் பின்னால் நிற்பாய். அவர் திரும்பிப் பார்த்து, "ஷஃபிள், ஏ, குயிக் சேஞ்ச், ஃப்ரம் தி ஃபைவ்" என்பார். அவ்வளவுதான். அடுத்த நொடி காலால் தாளம் போட்டுப் பாட்டைத் தொடங்கிவிடுவார்.

ஷஃபிள் என்பது நடை. ஓர் அடியை மூன்றாகப் பிரித்து நடுவில் உள்ளதை விழுங்கிவிடுவது. திஸ்ர நடை பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஏ என்பது ஸ்கேல். குயிக் சேஞ்ச் என்றால் இரண்டாவது பாரிலேயே நாலாவது கார்டுக்குப் போய்த் திரும்ப வேண்டும். சொல்லாவிட்டால் முதல் நாலு பாரும் ஒன்றாவது கார்டிலேயே நிற்கும். ஃப்ரம் தி ஃபைவ் என்றால் ஐந்தாவது கார்டில் தொடங்கும் கடைசி நாலு பாரை முதலில் வாசித்துப் பாட்டுக்குள் நுழைவது. பாட்டு நடுவில் அவர் முதுகுக்குப் பின்னால் நாலு விரலையோ ஐந்து விரலையோ காட்டினால் அந்தக் கார்டுக்குப் போ. முஷ்டியை உயர்த்தினால் நிறுத்தப்போகிறார்.

மவுத்ஆர்கன் வாசிப்பவர்களுக்கு ஒன்று. பாட்டு ஏ என்றால் உன் கையில் டி இருக்க வேண்டும். ஈ என்றால் ஏ. ஜி என்றால் சி. ஊதுவதைவிட உறிஞ்சும் ஸ்வரங்களில்தான் ப்ளூஸுக்கு வேண்டிய வளைவு கிடைக்கிறது, அதனால் இந்த ஏற்பாடு. மேடையில் நின்று பையைத் துழாவாதே. அந்தப் பத்து வினாடியில் கூட்டம் பியர் வாங்கப் போய்விடும்.

3. பெரியவர் பாரை முறித்தால் நீயும் முறி.

இதைச் சொல்லித்தரும் வீடியோ எதையும் நான் பார்த்ததில்லை. பன்னிரண்டு பார் என்பது ஊரார் கூடி வாசிக்கும்போது முட்டிக்கொள்ளாமலிருக்க வைத்த ஏற்பாடு. தனியாக வாசித்தே வளர்ந்த பெரியவர்கள் பதினொன்றரையில் மாறுவார்கள், பதின்மூன்றில் மாறுவார்கள், மனசு வந்தால் மாறாமலே இருப்பார்கள். கிளார்க்ஸ்டேல் பக்கத்திலிருந்து போன ஜான் லீ ஹூக்கர் 1948இல் டெட்ராய்டில் பதிவு செய்தபோது பின்னால் குழு எதுவும் இல்லை. தன் காலையே தரையில் தட்டித் தாளமாக்கிக்கொண்டார். அவருடைய வாய் எப்போது மாறுகிறதோ அப்போதுதான் கார்டும் மாறும். வடக்கு மிசிசிப்பிக் குன்றுப் பகுதிக்காரர்களான ஆர்.எல். பர்ன்சைடும் ஜூனியர் கிம்ப்ரோவும் பல பாட்டுகளைக் கிட்டத்தட்ட ஒரே கார்டில் ஓட்டினார்கள். அங்கே போய் நாலுக்கும் ஐந்துக்கும் தாவிக்கொண்டிருந்தால் உன்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை நல்லதாக இருக்காது.

வழி எளிது. கையைப் பார்க்காதே, வாயைப் பார். மூச்சு இழுக்கும்போது தோள் உயரும். அடுத்த வரி வரப்போகிறது என்று அர்த்தம். பாஸும் டிரம்ஸும் அந்தத் தோளோடு போனால் பாட்டு பிழைத்தது. "நீங்கள் எண்ணிக்கை தவறிவிட்டீர்கள் ஐயா" என்று பெரியவரிடம் பிறகு போய்ச் சொல்கிற புத்திசாலிகளையும் பார்த்திருக்கிறேன். தவறியது எண்ணிக்கை வைத்திருந்தவன்தான்.

4. சோலோ கொடுத்தால் இரண்டு சுற்று. ஒன்று போதுமானால் ஒன்று. மூன்றாவது சுற்றில் உன் நண்பர்கள்கூட உன்னைக் கேட்பதில்லை.

5. சாமானைக் குறை.

விழாக்காரர்கள் டிரம்ஸும் ஆம்ப்ளிஃபயரும் பெரும்பாலும் மேடையிலேயே வைத்திருப்பார்கள். என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள். அப்புறம் ஒரு கிதார், ஒரு கேபிள், அது போனால் இன்னொரு கேபிள், ஸ்ருதி பார்க்கும் கருவி, மாற்றுத் தந்திகள். காலடியில் பத்துப் பெட்டி அடுக்கி விளக்கெரிய விட வேண்டிய அவசியம் இந்த இசைக்கு வந்ததில்லை.

சாம் கார் என்ற டிரம்ஸ்காரர் இந்தப் பக்கத்தில் பெரிய பெயர். ஹெலினாவில் பிறந்த ராபர்ட் நைட்ஹாக்கின் மகன். ஃபிராங்க் ஃபிராஸ்ட், பிக் ஜாக் ஜான்சன் ஆகியோருடன் ஜெல்லி ரோல் கிங்ஸ் குழுவில் வாசித்தார். அவருக்கு ஒரு பாஸ் டிரம், ஒரு ஸ்னேர், ஒரு ஹை-ஹாட் போதும். அந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒரு நடனக் கூடத்தையே எழுந்து ஆட வைப்பார்.

செடெல் டேவிஸ் ஹெலினாவிலேயே பிறந்தவர். சிறு வயதில் போலியோ வந்து கைகள் முடங்கின. விரலால் தந்தியை அழுத்த முடியவில்லை. கிதாரைத் திருப்பிப் பிடித்து, சாப்பாட்டு மேசையில் வெண்ணெய் தடவும் கத்தியைத் தந்தி மேல் இழைத்து வாசித்தார். உலோகம் உலோகத்தின் மேல் உரசும் அந்த ஓசையை ஸ்ருதி சேராதது என்று ஒதுக்கியவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அவர் ஸ்ருதி அவருக்கு எங்கே என்று தெரியும். 2017இல் இறக்கும்வரை விடாமல் பாடிக்கொண்டிருந்தார். புது பெடல் வாங்கித் தரச் சொல்லி அப்பாவிடம் நச்சரிப்பதற்கு முன் அவர் பதிவு ஒன்றைக் கேட்டுவிடு.

6. நேரம் அடுத்தவருடையது.

உனக்கு 45 நிமிடம் என்றால் 42, 43இல் முடித்துவிடு. உனக்குப் பின் வருபவர் தன் சாமானை ஏற்ற வேண்டும், உன்னுடையதை இறக்க வேண்டும். "இன்னும் ஒன்றே ஒன்று" என்று மைக்கில் கெஞ்சுவது கூட்டத்துக்குப் பிடிக்கலாம்; படிக்கட்டில் கிதாரோடு காத்திருக்கும் மனிதருக்குப் பிடிக்காது. மெம்பிஸில் ஆண்டுதோறும் நடக்கும் சர்வதேச ப்ளூஸ் போட்டியில் நேரம் தாண்டினால் மதிப்பெண்ணையே குறைக்கிறார்கள். உள்ளூர் விழாவில் மதிப்பெண் இல்லை. அடுத்த வருடம் அழைப்பு வராது, அவ்வளவுதான்.

7. சவுண்ட் ஆளின் பெயரைக் கேட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடு. மைக்கில் அவரைக் குறை சொல்லாதே. அக்டோபரில் அந்த ஆற்றங்கரையில் நடுப்பகலுக்கு வியர்க்கும், பொழுது சாய்ந்தால் குளிரும். வெயிலில் சேர்த்த ஸ்ருதி சாயங்காலம் நிற்காது. மேடை ஏறுவதற்குப் பத்து நிமிடம் முன்பே கிதாரைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

8. தொப்பியும் குரலும் உன்னுடையதாக இருக்கட்டும். சாத்தானை விட்டுவிடு.

இது எனக்கு எரிச்சல் தரும் விஷயம், கொஞ்சம் நீட்டிப் பேசுவேன். சென்னையிலோ டாலஸிலோ வளர்ந்த பிள்ளை மைக் முன்னால் வந்ததும் 1930களின் மிசிசிப்பிப் பண்ணைக் கூலியாள் மாதிரி வார்த்தைகளைக் குழைக்கிறது. தொண்டையைக் கரகரப்பாக்குகிறது. இறங்கி வந்ததும் சாதாரணமாகப் பேசுகிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்கு அந்தப் பேச்சு அவர்கள் பாட்டியின் பேச்சு. கேலி செய்கிறாயா என்று அவர்கள் கேட்கமாட்டார்கள். பெரிய மனசுக்காரர்கள், கை தட்டிவிடுவார்கள். உன் குரல் மெல்லியது என்றால் மெல்லியதாகவே பாடு. ஸ்கிப் ஜேம்ஸின் குரல் மெல்லியது, உச்சியில் நிற்பது. பென்டோனியாக்காரர். அவர் பாடினால் கூடம் அடங்கிவிடும்.

அடுத்தது சாத்தான் கதை. ராபர்ட் ஜான்சன் நள்ளிரவில் நாற்சந்திக்குப் போய் ஆத்மாவை விற்று வித்தை வாங்கினார் என்பதை இரண்டு பாட்டுக்கு நடுவில் சொல்லாத புதியவர் இல்லை. கிளார்க்ஸ்டேலில் 61, 49 நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடத்தில் கிதார் பொம்மைகள் நட்ட கம்பமே இருக்கிறது. படம் எடுத்துக்கொள், தப்பில்லை. ஆனால் ஜான்சனுக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். ஐக் ஸிம்மர்மன் என்று பெயர். இருவரும் இரவில் ஊர் அடங்கியபின் சத்தம் யாருக்கும் தொந்தரவாகாத கல்லறைத் தோட்டத்தில் போய் உட்கார்ந்து பழகினார்கள் என்று ஸிம்மர்மன் வீட்டார் சொல்லியிருக்கிறார்கள். கடுமையாக உழைத்துக் கற்ற ஒரு கறுப்பின இளைஞனின் திறமையைப் பேய்க்குக் கொடுத்துவிட்டு, கற்பித்த ஆசிரியரை மறந்துவிட்டோம். குருவைக் கும்பிட்டுப் பழகிய நாமாவது இதைச் செய்யலாமா? மைக்கில் கதை சொல்லியே ஆக வேண்டுமென்றால் ஸிம்மர்மன் பெயரைச் சொல்.

ஜான்சன் 1936 நவம்பரில் சான் அன்டோனியோவிலும் 1937 ஜூனில் டாலஸிலும் பதிந்த பாட்டுகள் மொத்தம் 29. 1938இல், 27 வயதில் இறந்தார். ஒரு பெண்ணோடு சேர்ந்து வாழ்ந்த காலத்தில், அந்தப் பெண்ணின் மகனுக்கு அவர் கிதார் கற்றுக்கொடுத்தார். அந்தப் பையன்தான் ராபர்ட் லாக்வுட் ஜூனியர். லாக்வுட் ஜாஸ் கார்டுகளையும் கற்று, பன்னிரண்டு தந்திக் கிதாரைப் பிடித்து, 2006இல் 91 வயதில் இறக்கும்வரை வாசித்தார். பேயிடம் வாங்கியதாக யாரும் அவரைப் பற்றிச் சொன்னதில்லை, அதனால்தானோ என்னவோ அவர் படம் பனியன்களில் வருவதில்லை.

9. பாட்டை யார் எழுதினார் என்று சொல்லிவிட்டுப் பாடு.

என் பக்கத்து ஆள், பாஸ் வாசித்தவர், வில்லி டிக்சன். விக்ஸ்பர்க்கில் பிறந்து சிகாகோ போனவர். மடி வாட்டர்ஸும் ஹவ்லின் வுல்ஃபும் பாடிப் புகழ்பெற்ற பல பாட்டுகள் இவர் எழுதியவை. லெட் ஸெப்பெலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் உலகப் புகழ்பெற்ற பாட்டில் தன் வரிகள் இருப்பதாக 1985இல் வழக்குப் போட்டார். 1987இல் அந்தக் குழு சமாதானத்துக்கு வந்தது. அந்த வயதில், அத்தனை பெரிய குழுவோடு வழக்காடித்தான் தன் பெயரைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. நீ மைக்கில் சொல்ல ஐந்து வினாடி ஆகும். விழாக்காரர்கள் பாட்டுப் பட்டியல் கேட்டால் எழுதியவர் பெயரோடு கொடு.

பெயர் விஷயத்தில் இன்னொன்று. ஹெலினா மவுத்ஆர்கன் சக்கரவர்த்தி சன்னி பாய் வில்லியம்சனின் உண்மைப் பெயர் மில்லர். சிகாகோவில் ஏற்கெனவே அதே பெயரில் ஜான் லீ வில்லியம்சன் 1937 முதல் ரெக்கார்டுகள் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெயரைத்தான் இவர் எடுத்துக்கொண்டார், நானே அசல் என்றும் சொல்லிக்கொண்டார். திறமை மலை மாதிரி இருந்ததால் சரித்திரம் மன்னித்து இரண்டாம் எண் கொடுத்து வைத்துக்கொண்டது. உன்னையும் என்னையும் மன்னிக்காது. உன் வீட்டில் வைத்த பெயரிலேயே மேடை ஏறு. அறிவிப்பாளர் தடுமாறினால் தடுமாறட்டும்.

10. எந்த மண்ணில் நிற்கிறாய் என்று தெரிந்துகொண்டு நில்.

ஹெலினா, பிலிப்ஸ் கவுன்டியின் தலைமையூர். அதே கவுன்டியில் உள்ள எலைன் அருகே 1919 செப்டம்பர் 30 இரவு, கறுப்பினக் குத்தகை விவசாயிகள் ஒரு தேவாலயத்தில் கூடியிருந்தார்கள். பருத்திக்கு நியாயமான கணக்கும் விலையும் கேட்பதற்காகச் சங்கம் அமைத்திருந்தார்கள். அங்கே துப்பாக்கிச் சூடு நடந்தது. அடுத்த நாட்களில் வெள்ளையர் கும்பல்களும் வரவழைக்கப்பட்ட படையினரும் கறுப்பின மக்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். எத்தனை பேர் என்பதில் இன்றும் ஒருமித்த கணக்கு இல்லை. ஆனால் மரண தண்டனை விதிக்கப்பட்ட 12 பேரும் கறுப்பர்கள். விசாரணை ஹெலினா நீதிமன்றத்தில் நடந்தது. 1923இல் உச்ச நீதிமன்றம் அந்த விசாரணையில் நீதி இல்லை என்ற வாதத்தை ஏற்றது. கடைசியில் பன்னிரண்டு பேரும் தூக்கிலிருந்து தப்பினார்கள். நூறாண்டு கழித்து, 2019இல், நீதிமன்றத்துக்கு எதிரே நினைவுச் சின்னம் வைத்தார்கள்.

விழா மேடையிலிருந்து அங்கே நடந்தே போகலாம். வாசிக்கும் முன்பு போய்ப் பார். மேடையில் அதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை, நம்மிடமிருந்து யாரும் சொற்பொழிவு எதிர்பார்க்கவில்லை. பணமில்லை, வேலையில்லை, ஊரைவிட்டுப் போகிறேன் என்ற வரிகளை வேடிக்கைப் பாட்டாகச் சிரித்துக்கொண்டே பாடுவதற்குப் பிறகு உனக்கே கொஞ்சம் தயக்கம் வரும். அந்தத் தயக்கம் பாட்டுக்கு நல்லது.

11. காசு விவகாரம்.

அமெரிக்காவில் குடியுரிமையோ பச்சை அட்டையோ உள்ளவர்களிடம் விழாக்காரர்கள் டபிள்யூ-9 படிவம் கேட்பார்கள். நிரப்பிக் கொடு, வரிக் கணக்கில் காட்டு. மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: வேலை அனுமதி இல்லாமல் மேடைச் சம்பளம் வாங்காதே. நூறு டாலருக்காக விசாவைப் பணயம் வைப்பாயா? தொப்பியில் விழும் டிப்புக்கூட சிக்கலாகலாம். கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போ.

குழுவுக்கு நீ தலைவர் என்றால், வந்த பணத்தைப் பின்னால் நின்றவர்களுக்கு அன்றைக்கே பிரித்துக் கொடு. பெட்ரோல் காசை முதலில் எடுத்து வை. மீதியைச் சமமாகப் பிரி. பாஸ்காரன் சொல்கிறேன் என்று நினைக்காதே, பாஸ்காரன்தான் சொல்வான்.

காசு குறைவாக இருந்தாலும் மேடை தரும் இன்னொரு கூலி உண்டு. 1941 நவம்பரில் ஹெலினாவின் கேஎஃப்எஃப்ஏ வானொலியில் கிங் பிஸ்கட் டைம் தொடங்கியபோது, ஒரு மளிகை மொத்த வியாபாரக் கம்பெனி தன் மாவை விற்பதற்காக அதை நடத்தியது. சன்னி பாயும் லாக்வுட்டும் மாவுக்காகப் பாடினார்கள். அவர்களுக்குப் பெரிய லாபம், அன்றிரவு எந்த ஊரில் வாசிக்கிறோம் என்று ஒலிபரப்பிலேயே சொல்லிக்கொள்ளலாம் என்பது. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் வயலில் இருந்தவர்கள் அதைக் கேட்டார்கள். சின்ன வயது பி.பி. கிங்கும் அப்படிக் கேட்டவர்களில் ஒருவர். இரவில் கூட்டம் வந்தது. நீயும் அடுத்து எங்கே வாசிக்கிறாய் என்று ஒரு முறை, தெளிவாக, ஊர் பெயரும் தேதியும் சேர்த்துச் சொல். ஒரு முறை போதும்.

12. அவசரப்படாதே.

பைன்டாப் பெர்கின்ஸ் முதலில் கிதார்க்காரர். ஹெலினாவில் ஒரு தகராறில் கத்திக்குத்து பட்டுக் கைத் தசைநாண் அறுந்தது. கிதார் போயிற்று, பியானோவில் நின்றுகொண்டார். 2011இல் கிராமி விருது வாங்கியபோது அவருக்கு 97 வயது. அடுத்த மாதமே காலமானார். பாபி ரஷ் முதல் கிராமியை வாங்கியது 2017இல், 83 வயதில். அதற்குப் பிறகும் இரண்டு வாங்கினார். இன்னொரு பக்கம், கிளார்க்ஸ்டேலில் 1999இல் பிறந்த கிங்ஃபிஷ் இங்க்ரம், அந்த ஊர் டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியகம் பிள்ளைகளுக்கு நடத்தும் வகுப்பில் கற்றவர். 662 என்ற ஆல்பத்துக்கு 2022இல் கிராமி வாங்கினார். 662 என்பது அவர் ஊர்த் தொலைபேசிக் குறியீடு. யாருக்கு எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. கணக்குப் போடாமல் வாசி.

13. வாசித்து முடித்ததும் காரை எடுத்துக்கொண்டு ஓடிவிடாதே.

உனக்கு முன்னால் வாசித்தவர் உன்னைக் கேட்க நின்றிருப்பார். உனக்குப் பின்னால் வருபவரை நீ நின்று கேள். பிறகு கரைமேட்டில் போய் உட்கார், தெருவில் வாசிப்பவரின் தொப்பியில் ஒரு டாலர் போடு, யாராவது "வா, ஒரு பாட்டு வாசி" என்றால் இரண்டாவது அறிவுரையை நினைத்துக்கொள். பக்கத்தில் சாமானைத் தூக்க முடியாமல் நிற்கும் வயசானவர் இருந்தால் கேட்காமலே போய்த் தூக்கு. அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை அந்த ஐம்பதடி நடையில் கேட்டுவிடலாம், யூடியூபில் கிடைக்காதவை.

விழாவுக்கு ஒரு வார நாளில் போய்ச் சேருவதாக இருந்தால் மதியம் 12.15க்கு முன் செர்ரி தெருவில் உள்ள டெல்டா கல்ச்சுரல் சென்டருக்குப் போ. கிங் பிஸ்கட் டைம் அங்கிருந்துதான் ஒலிபரப்பாகிறது. சன்னி பெய்ன் 1951இல் அதன் மைக் முன் உட்கார்ந்து, 2018இல் இறக்கும்வரை நடத்தினார். நிகழ்ச்சி அரை மணி நேரம். யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து கேட்கலாம், கட்டணம் இல்லை.